ஓடும் வாய்க்காலில் மராமத்து

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

புதிதாக ஒன்றைக் கட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பது உலக வழக்கம். கட்டியதை ஆண்டுதோறும் பழுது பார்த்துக் காப்பவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. இத்தனை காலம் அவை நீரைத் திருப்பிக் கொடுத்து வருகின்றன என்றால், கட்டிய கைகளோடு கரை உயர்த்திய, தூர் எடுத்த, மதகுப் பலகை மாற்றிய எண்ணற்ற கைகளும் அதற்குக் காரணம் அன்றோ?

கணிப்பொறித் துறையிலும் நிலைமை இதுவே. புதிய செயலிகளை உருவாக்குவது பற்றி நிறையப் பேசுகிறோம். உருவாக்கியவற்றைப் பேணுவது பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட வலைச் செயலி ஒன்றின் பின்தளத்தைப் பேணுவதும் மறுசீரமைப்பதும் எவ்வாறு என்பதை, தமிழ் எழுத்துகளால் எழும் ஓர் உண்மைச் சிக்கலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

பின்தளம் என்பது யாது?

தேர்வு முடிவைக் காணக் கைப்பேசியில் பதிவெண்ணைத் தட்டுகிறோம். ஓரிரு நொடிகளில் மதிப்பெண் பட்டியல் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் பக்கம், பொத்தான், வண்ணம் ஆகியவை முன்தளம் எனப்படும். கண்ணுக்குத் தெரியாமல் சர்வரில் இருந்துகொண்டு, கேட்டவர் யார், கேட்டது என்ன, கொடுக்கலாமா என்று பார்த்து, தரவுத்தளத்திலிருந்து விவரத்தை எடுத்து, ஒழுங்குபடுத்தி அனுப்பும் நிரல்தான் பின்தளம். வகுப்பில் நாம் ‘பேக்எண்ட்’ என்று சொல்வது இதனையே.

வயலில் நிற்பவர் மடையில் வரும் நீரை மட்டுமே காண்கிறார். அந்நீர் பழவூர் அணைக்கட்டில் திரும்பி, பாளையங்கால்வாய் வழியே நடந்து, குளத்தில் தங்கித் தம் வயலுக்கு வந்த கதையை அவர் அப்போது எண்ணுவதில்லை. நீர் வராத நாளில்தான் எண்ணுகிறார். பின்தளத்தின் கதையும் அதுவே.

இத்தகைய பின்தளங்களை எழுதுவதற்குப் பெரிதும் பயன்படும் மொழிகளுள் ஒன்று பைத்தான். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991-இல் இதனை வெளியிட்டார். வலைச் செயலிக்கு வேண்டிய பொதுவான உறுப்புகளை முன்கூட்டியே செய்து தரும் சட்டகங்களும் இம்மொழியில் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-இல் பொதுவுக்கு வந்த ஜாங்கோ, 2010-இல் வந்த ஃபிளாஸ்க் ஆகிய இரண்டும் அவற்றுள் புகழ் பெற்றவை.

நிரல் ஏன் பழுதாகிறது?

இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுக்கும். நிரலோ வெறும் எழுத்து. அது எப்படிப் பழுதாகும் என்ற ஐயம் எழலாம். காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, நிரல் நிற்கும் அடித்தளம் மாறுகிறது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. அது இரண்டாம் பதிப்போடு முழுதும் ஒத்துப் போகவில்லை. பழைய நிரல்களை மாற்றி எழுதுவதற்கு உலகம் முழுவதும் ஆண்டுகள் பல பிடித்தன. 2015-இல் நிறுத்துவதாக இருந்த இரண்டாம் பதிப்பின் ஆதரவை 2020 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு அந்த ஆதரவு முடிந்தது. கடைசி வெளியீடான 2.7.18 அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது. அதன்பின் இரண்டாம் பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை எதுவும் கண்டுபிடிக்கப்பட்டால், அடைத்துத் தரும் பொறுப்பு மொழியை உருவாக்கியவர்களுக்கு இல்லை. மூன்றாம் பதிப்பிலும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறக்குறைய ஐந்தாண்டே ஆயுள். 3.8 என்னும் வெளியீட்டின் ஆயுள் 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது.

இரண்டாவது, தேவை மாறுகிறது. ஒரு கல்லூரி நூலகத்திற்கு ஒரு செயலி எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நூலைத் தேடினால் போதும் என்றார்கள். பிறகு தாமதக் கட்டணம் வந்தது. அடுத்து முதுகலை மாணவர்க்குத் தனி விதி வந்தது. ஒவ்வொரு தேவைக்கும் அவசரத்தில் நான்கு வரிகள் ஒட்டப்பட்டன. நூலைத் தேடும் ஒரே வேலை நான்கு இடங்களில் நான்கு விதமாக எழுதப்பட்டுவிட்டது. வாய்க்காலில் அமலைச் செடி படர்வது போல இது மெல்ல நிகழ்வதால், நீரோட்டம் குறைந்த பின்னரே கண்ணில் படுகிறது.

மூன்றாவது, எழுதியவர் போய்விடுகிறார். இறுதியாண்டு மாணவர் செய்முறைத் திட்டமாக ஒன்றை எழுதுகிறார். தேர்ச்சி பெற்றுச் செல்கிறார். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது அவர் மனத்தில் மட்டுமே இருந்தது. அடுத்து வருபவர் அதைத் தொட அஞ்சுகிறார். தொட அஞ்சும் நிரல் மேலும் பழுதாகிறது.

‘அம்மா’ என்பதில் எழுத்து எத்தனை?

மேலே சொன்ன மூன்று காரணங்களும் ஒன்றுகூடும் இடத்தைத் தமிழிலேயே காட்டலாம். ‘அம்மா’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? அ, ம், மா என மூன்று என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லும். பைத்தானைக் கேட்டால் என்ன சொல்லும்? பைத்தான் இரண்டில், யூடிஎஃப்-8 முறையில் சேமித்த சாதாரணச் சரமாக இதனைக் கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று வரும். பைத்தான் மூன்றில் கேட்டால் 5 என்று வரும்.

காரணம் இதுதான். யூனிகோடு முறையில் இச்சொல் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும், ஆகவே பதினைந்து. பழைய பதிப்பு பைட்டுகளை எண்ணியது. புதிய பதிப்பு குறிகளை எண்ணுகிறது. நாம் எண்ணுவது எழுத்துகளை. ‘பெயர் 20 எழுத்துக்கு மேல் கூடாது’ என்று ஒரு செயலியில் விதி இருந்தால், அந்த இருபது எதனுடைய இருபது?

அகரவரிசையிலும் இச்சிக்கல் உண்டு. பைத்தானிடம் சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால் அது யூனிகோடு எண்களின் வரிசையைப் பின்பற்றும். அந்த வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கும் முன்னே நிற்கிறது. எனவே ‘மனம்’ முன்னும் ‘மரம்’ பின்னும் வரும். தமிழ் அகராதியிலோ ‘மரம்’ முன்னே, ‘மனம்’ பின்னே. அதேபோல் ‘பக்கம்’ என்பதற்கு முன்னால் ‘பகல்’ வந்து நிற்கும். புள்ளியின் எண் எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னே இருப்பதே இதற்குக் காரணம்.

எல்லாவற்றிலும் நுட்பமான சிக்கல் ‘பொ’ என்னும் எழுத்தில் உள்ளது. இதனை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பகரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். பகரத்துடன் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு சரங்கள். ஒன்றைக் கொண்டு தேடினால் மற்றது கிடைக்காது. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும், பின்னர் 2010-இல் யூனிகோடையும் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருக்களில் இருந்த ஆவணங்கள் யூனிகோடுக்கு மாற்றப்படும்போது இரண்டாம் விதச் சேமிப்பு எளிதில் புகுந்துவிடும்.

இதனை ஏட்டுச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சேர்க்கையின்போது ஒரு சான்றுக்காக அப்பாவும் நானும் ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். அப்பாவின் பெயர் ‘பொ’வில் தொடங்குவது. அங்கிருந்தவர் பெயரைத் தட்டித் தேடினார்; அப்படி ஒருவர் இல்லை என்றது கணிப்பொறி. அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடியதும் அதே பெயர் திரையில் வந்தது. ‘ரெண்டும் சேரல, நாளைக்கு வாங்க’ என்றார்கள். அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. அந்த அலுவலகத்தின் நிரலை நான் பார்த்ததில்லை. ஆயினும் இத்தகைய கோளாறு எவ்வாறு நேரக்கூடும் என்பது யூனிகோடு படித்தபோது எனக்கு விளங்கிற்று. விண்ணப்பம் எழுதவே பிறர் துணை தேடும் குடும்பங்களுக்கு, ‘இல்லை’ என்று திரை சொல்லிவிட்டால் அதனை எதிர்த்துப் பேச வழியில்லை.

இச்சிக்கல்களைத் தீர்க்கத் தமிழர்கள் சிலர் முன்வந்துள்ளனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. அமெரிக்காவில் வாழும் முத்தையா அண்ணாமலை, தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதக்கூடிய ‘எழில்’ என்னும் மொழியைப் பைத்தானில் உருவாக்கி, 2009-இல் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக அவரும் நண்பர்களும் வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் நூலகம், ஒரு சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். தமிழ் அகரவரிசையில் சொற்களை ஒப்பிட்டுத் தரும். அதனிடம் ‘அம்மா’வைக் கொடுத்தால் மூன்று எழுத்து என்றே விடை வரும். இது கட்டணமின்றி யாரும் எடுத்தாளக்கூடிய திறந்த மூலமாகும்.

மறுசீரமைப்பு என்பதன் பொருள்

வெளியே தெரியும் நடத்தையை மாற்றாமல் நிரலின் உள்ளமைப்பைச் சீர்ப்படுத்துவதே ரீஃபாக்டரிங் எனப்படும் மறுசீரமைப்பு. இலினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓப்டைக் 1992-இல் இதுபற்றி முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். மார்ட்டின் ஃபௌலர் 1999-இல் எழுதிய நூல் இதனை உலகெங்கும் பரப்பியது.

மறுசீரமைப்பு வேறு, பிழைதிருத்தம் வேறு என்பதை நாம் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். நம் நூலகச் செயலியில் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும் தேடலை ஒரே செயற்கூறாக்கி, நான்கு இடங்களிலிருந்தும் அதனை அழைப்பது மறுசீரமைப்பு. இதனால் வெளியே யாதொரு மாற்றமும் தெரியக்கூடாது. ‘பொன்னையா’ கிடைக்கவில்லை என்றால் இன்னும் கிடைக்காமலே இருக்க வேண்டும். அதன் பிறகு, அந்த ஒரே செயற்கூறில், வரும் பெயரை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வரியைச் சேர்ப்பது பிழைதிருத்தம். பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா என்னும் தொகுப்பில் இதற்கென்றே ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு உள்ளது. ஏற்கெனவே சேமித்த பெயர்களையும் ஒருமுறை அதன் வழியே செலுத்திவிட்டால் பிழை தீர்ந்தது. இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் செய்தால், புதிதாக ஏதேனும் உடையும்போது எதனால் உடைந்தது என்று அறிய முடியாது.

நான்கு வயல்களிலும் தனித்தனியே குப்பையை அரிப்பதைவிடத் தலைமடையில் ஒருமுறை அரிப்பது எளிதன்றோ? ஆனால் வாய்க்காலுக்கும் செயலிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பிசான அறுவடை முடிந்து, கார் சாகுபடிக்கு நீர் திறக்கும் வரை இடையில் ஒரு கோடை கிடைக்கும். தூர்வாருவதற்கு அதுவே காலம். வலைச் செயலிக்கு அத்தகைய கோடை பெரும்பாலும் வாய்ப்பதில்லை. நள்ளிரவிலும் யாரோ ஒருவர் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார். நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மராமத்து நடக்க வேண்டும். இந்த வேலையின் அருமை அதில்தான் இருக்கிறது.

செய்யும் முறை

முதற்படி, திரும்பி வர வழி வைத்துக்கொள்வது. தரவுத்தளத்தின் நகலை எடுத்து, அந்த நகலிலிருந்து உண்மையாகவே மீட்க முடிகிறதா என்று ஒருமுறை மீட்டுப் பார்த்துவிட வேண்டும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கிட்’ போன்ற பதிப்புக் காப்பகத்தில், ஏன் மாற்றினோம் என்ற ஒரு வரிக் குறிப்போடு பதிய வேண்டும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை உருவாக்கினார். செயலி எந்தப் பைத்தான் பதிப்பில், எந்தத் துணைத் தொகுப்புகளின் எந்தெந்தப் பதிப்புகளோடு ஓடுகிறது என்பதையும் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாம் படி, சோதனை எழுதுவது. இன்று செயலி எப்படி நடந்துகொள்கிறதோ அதனை அப்படியே பதிவு செய்யும் சிறு நிரல்களே சோதனைகள். இன்ன சொல்லைத் தேடினால் இன்ன நூல்கள் வர வேண்டும், ஏழு நாள் தாமதத்துக்கு இவ்வளவு கட்டணம் என்று ஒவ்வொன்றாக எழுதிவிட்டால், ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் சில நொடிகளில் அனைத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். சோதனை இல்லாத மறுசீரமைப்பு, ஆழம் பாராமல் காலை விடுவதற்கு ஒப்பாகும். பிழையைத் திருத்தும்போது அதற்கும் ஒரு சோதனை சேர்க்க வேண்டும்: இருவிதப் ‘பொ’வும் ஒரே விடை தர வேண்டும், ‘மரம்’ முன்னும் ‘மனம்’ பின்னும் வர வேண்டும்.

மூன்றாம் படி, பொறுப்புகளைப் பிரிப்பது. பழைய செயலிகளில் ஒரே செயற்கூறு கோரிக்கையை வாங்கும், கட்டணம் கணக்கிடும், தரவுத்தளத்தில் எழுதும், பக்கத்தையும் வரையும். கட்டண விதியைத் தனியே எடுத்துவிட்டால் வலையும் தரவுத்தளமும் இல்லாமலே அதனைச் சோதிக்கலாம்; விதி மாறினால் ஓரிடத்தில் மாற்றலாம். கடவுச்சொற்கள் நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தால் அவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். காப்பகத்தில் ஏறிவிட்ட கடவுச்சொல்லை மாற்றியும் விட வேண்டும்.

நான்காம் படி, வேகத்தைக் கவனிப்பது. ஒரு பக்கத்தில் 40 நூல்களைக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் பெயர் வேண்டும். கவனக்குறைவாக எழுதினால், நூல்களுக்காக ஒன்றும், ஆசிரியருக்காக நாற்பதும் என 41 முறை செயலி தரவுத்தளத்திடம் போய் வரும். ஜாங்கோவில் ‘செலக்ட் ரிலேட்டட்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால் இரண்டு அட்டவணைகளையும் இணைத்து ஒரே முறையில் பெற்றுவிடலாம். நாற்பது புத்தகம் வேண்டுபவர் நூலக அடுக்குக்கு நாற்பது முறை நடப்பதில்லை. பட்டியலோடு ஒரே முறை போகிறார்.

ஐந்தாம் படி, தரவுத்தள அமைப்பை மாற்றுவது. இதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒரு பத்தியின் பெயரை ஒரேயடியாக மாற்றினால், பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் செயலி விழுந்துவிடும். முதலில் புதிய பத்தியைச் சேர்க்க வேண்டும். அடுத்து இரண்டிலும் எழுத வேண்டும். பழைய விவரங்களைப் புதியதில் நிரப்பிவிட்டு, புதியதிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று சில நாள் பார்த்த பின்பே பழைய பத்தியை நீக்க வேண்டும். பழைய மதகை இடிக்குமுன் பக்கத்தில் புதிய மதகைக் கட்டி நீரைத் திருப்புவது போன்றது இது. இத்தகைய மாற்றங்களை வரிசையாகப் பதிந்து நடத்தும் வசதி, ஜாங்கோவின் 2014-ஆம் ஆண்டு வெளியீடான 1.7 முதல் அதனுள்ளேயே இருக்கிறது.

இடித்துக் கட்டலாமா?

இவ்வளவு தொல்லை எதற்கு, முழுவதையும் தூக்கியெறிந்து புதிதாக எழுதிவிடலாமே என்று நம் போன்ற இளைஞர்களுக்குத் தோன்றுவது இயல்பு. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் தன் உலாவியைப் பெரும்பாலும் புதிதாகவே எழுத முடிவு செய்தது. ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000-த்தின் இறுதியில் வந்தது. அதற்குள் மைக்ரோசாஃப்டின் உலாவி சந்தையைப் பிடித்துக்கொண்டது. பழைய நிரலில் அசிங்கமாகத் தோன்றும் வரிகளுள் பல, முன்பு யாரோ பட்ட துன்பத்திற்குக் கண்ட தீர்வுகள். தூக்கியெறிந்தால் அந்த அனுபவமும் போய்விடும்.

மாறாக, ஜாங்கோவில் இயங்கும் இன்ஸ்டாகிராம் நிறுவனத்தைப் பார்ப்போம். அவர்கள் பைத்தான் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியபோது சேவையை நிறுத்தவில்லை. தனிக் கிளை பிரித்தும் எழுதவில்லை. ஓடும் நிரலையே இரண்டு பதிப்புகளிலும் இயங்குமாறு சிறிது சிறிதாகத் திருத்தி, ஏறக்குறைய பத்து மாதங்களில், 2017 பிப்ரவரியில் மாற்றத்தை முடித்தனர். பயன்படுத்திய கோடிக்கணக்கானோர் அதனை உணரவும் இல்லை. வலைப் பகுதியில் 12 விழுக்காடு செயலித் திறன் மிச்சமானது என்றும், பின்னணி வேலைப் பகுதியில் 30 விழுக்காடு நினைவகம் மிச்சமானது என்றும் அவர்கள் அறிவித்தனர்.

புதிதாக எழுதுவதே கூடாது என்பது இதன் பொருளன்று. நூறு வரிச் செயலியைப் புதிதாக எழுதுவது எளிது. பலர் நம்பியிருக்கும் பெரிய செயலியில் ஒவ்வொரு பகுதியாக மாற்றிக்கொண்டே போவது பாதுகாப்பானது.

முடிவுரை

நம்மில் பலர் நாளை வேலைக்குச் சேரும்போது, முதல் நாளே புதிய செயலி ஒன்றை எழுதச் சொல்வார் யாருமிலர். வேறொருவர் எழுதிய பல்லாயிரம் வரிகளைக் காட்டி, இதில் ஒரு பிழை இருக்கிறது, பார் என்பார்கள். அதற்கு நாம் இப்போதே பழக வேண்டும்.

இங்கு ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் புதிய செயலிகளை எழுதுகின்றனர். மதிப்பெண் பெற்றதும் அவை உறங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றிரண்டையாவது அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்து, சோதனை எழுதி, சீரமைத்து, மேலும் ஓராண்டு ஓட வைப்பதையே செய்முறைத் திட்டமாக ஏற்கலாம். நூலகப் பட்டியல் ஒன்றைத் தமிழ் அகரவரிசையில் பிழையின்றித் தேடுமாறு செய்தாலே போதும். அது முழுமையான திட்டமாகும். எழுதிய மூத்தவரும் பேண வந்த இளையவரும் ஒரு மாதம் சேர்ந்து உட்கார்ந்தால், எழுதியவர் மனத்தில் மட்டும் இருந்த செய்திகள் ஏட்டில் ஏறிவிடும்.

அவ்வாறு பழகிய நம் மாணவர் ஒருவர் நாளை ஏதேனும் ஓர் அலுவலகத்தின் பின்தளத்தைப் பேணும் பொறுப்பில் அமரக்கூடும். அன்று அவர் சேர்க்கும் ஒரு வரியால், பெயர் தேடி வந்த ஒருவர் மறுநாள் கூலியை இழக்காமல் வீடு திரும்புவார். அவ்வரியை எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வேலை முடிந்துவிட்டது அன்றோ!